நரம்பு விஞ்ஞானம்: நம் வீட்டுப் பிள்ளைகள் கற்கத்தக்க படிப்பா?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியான சில தினங்களுக்குள், ஜயங்கொண்டம் பக்கத்து நெசவாளர் ஒருவர் சங்க அலுவலகத்துக்கு வந்தார். கூலிக் கணக்கை முடித்துக்கொண்டு புறப்படுவார் என்று எண்ணியிருந்தோம். அவரோ பெஞ்சியின் ஓரத்தில் அமர்ந்து, மடியிலிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். அவருடைய மகள் எழுதிக் கொடுத்தது. அதில் 'நியூரோ சயன்ஸ்' என்ற இரண்டு சொற்களே இருந்தன.

"ஐயா, பெண் இதைத்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். இது டாக்டர் படிப்பா, வேறு படிப்பா என்று எனக்கு விளங்கவில்லை. வெளி மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் இடம் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். இரண்டு நாளில் முன்பணம் கட்ட வேண்டுமாம். வீட்டுப் பத்திரத்தை வைத்தால் பணம் புரட்டிவிடலாம். செய்யலாமா?" என்று கேட்டார்.

அக்கேள்விக்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. வீட்டுப் பத்திரத்தை அடகு வைப்பது எளிது. மீட்பது எத்தனை கடினம் என்பதை நெய்வோரும் உழுவோரும் அறிவர். மகளின் ஆசையை மறுப்பதும் அதனினும் எளிதன்று. ஆகவே இரண்டு நாள் பொறுத்திருக்குமாறு அவரிடம் வேண்டிக்கொண்டு, இப்படிப்பைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினோம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இக்கேள்வி இன்று ஒரு வீட்டோடு நிற்பதன்று. ஆதலின் அறிந்தவற்றை அங்கத்தினர் அனைவர்க்கும் பயன்படுமாறு ஈண்டு எழுதுகிறோம்.

மூளையும் தறியும்

நரம்பு விஞ்ஞானம் என்பது மூளை, தண்டுவடம், உடலெங்கும் பரவிய நரம்புகள் ஆகியவை எவ்வாறு அமைந்துள்ளன, எவ்வாறு இயங்குகின்றன, எதனால் பழுதுபடுகின்றன என்பதை ஆராயும் கல்வி. மருத்துவர் நோயாளியைக் குணப்படுத்த முயல்கிறார். நரம்பு விஞ்ஞானியோ அந்நோய் தோன்றும் காரணத்தைத் தேடுகிறார். இருவரும் சில சமயம் ஒருவராகவே இருத்தலும் உண்டு. எனினும் படிப்புகள் இரண்டும் வெவ்வேறானவை.

மூளையைத் தறிக்கு ஒப்பிட்டவர் ஒருவர் உண்டென்றால் நம் நெசவாளர்கள் வியப்படைவர். இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லஸ் ஷெரிங்டன் என்னும் பேரறிஞர், 1940-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், உறக்கம் நீங்கி விழிக்கும் மூளையை ஒரு மாயத் தறியாக வருணித்தார். 1932-ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றவர் அவர். தறியில் ஓடுவது நூல். மூளையில் ஓடுவது மின்குறிப்பு. தறியில் பாவும் ஊடையும் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. மூளையிலும் அவ்வாறேயா என்ற கேள்விதான் இவ்விஞ்ஞானத்தின் முதற் பெரும் வழக்காக இருந்தது.

1873-ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் கமில்லோ கோல்கி, வெள்ளி உப்பைக் கொண்டு நரம்பு அணுக்களுக்குக் கருஞ்சாயம் ஏற்றும் முறையைக் கண்டார். நூற்றில் சில அணுக்களே அச்சாயத்தை ஏற்றன. அதனாலேயே ஒவ்வோர் அணுவும் கிளையும் விழுதுமாகத் தனித்துத் தெரிந்தது. மூளை முழுதும் அறுபடாத ஒரே வலை என்று கோல்கி கருதினார். ஸ்பெயின் நாட்டு சாந்தியாகோ ரமோன் இ கஹால் அதே சாயத்தைக் கையாண்டு, ஒவ்வோர் அணுவும் தனித் தனி என்றும், அவை ஒட்டியிராமல் நெருங்கியே நிற்கின்றன என்றும் நிலைநாட்டினார். மாறுபட்ட கருத்துடைய அவ்விருவருக்கும் 1906-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. கஹால் கூறியதே சரியென்று பின்னர் உறுதியாயிற்று. இரண்டு அணுக்களுக்கு இடையிலுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் கூறிட்டதில் ஏறக்குறைய ஒரு கூறாகும். பெரும்பாலான இடங்களில் மின்குறிப்பு அவ்விடைவெளியைத் தானே தாண்டுவதில்லை. ஓர் அணு சிறிதளவு இரசாயனத்தைச் சொரிகிறது. மறு அணு அதனை ஏற்கிறது. பாவு பிணைப்போர் இழையோடு இழையை முடிவது போலன்றி, இங்கு இழைகளுக்கு நடுவே தூது செல்லும் பொருளொன்று உண்டு. இந்த ஒரு செய்தியை மனத்திற் கொண்டால், பின்னர் வரும் யாவும் எளிதில் விளங்கும்.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பு அணுக்கள் உள. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள மூளை, உடல் ஓய்ந்திருக்கும்போது செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைத் தானே உட்கொள்கிறது. விரைந்து செல்லும் நரம்புகளில் குறிப்பு விநாடிக்கு 120 மீட்டர் வரை ஓடும்.

தறியில் புதிதாக அமரும் சிறுவன், எக்கால் மிதிப்பது, எக்கை இழுப்பது என்று எண்ணி எண்ணிச் செய்கிறான். சில ஆண்டுகள் சென்றபின் அவனே பக்கத்துத் தறிக்காரனோடு பேசிக்கொண்டு நெய்கிறான். முதலில் மூளையின் முற்பகுதி கவனத்தோடு நடத்திய தொழிலை, பழக்கம் ஏற ஏறச் சிறுமூளையும், மூளையின் ஆழத்திலுள்ள வேறு சில பகுதிகளும் பெரிதும் ஏற்றுக்கொள்கின்றன. 'கை பழகிவிட்டது' என்று நாம் சொல்வது உண்மையில் மூளை பழகியதேயாகும்.

வயலுக்கு வந்த விஞ்ஞானம்

உழவர்க்கு இக்கல்வியினால் யாது பயன் என்று கேட்போர் தம் மருந்துத் தெளிப்பானை ஒரு முறை நோக்குவாராக. நாம் தெளிக்கும் பூச்சி மருந்துகளிற் பெரும்பாலானவை நரம்பைத் தாக்கும் மருந்துகளே.

நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் தூதுப் பொருளுக்கு அசிடைல்கோலின் என்று பெயர். அது தன் வேலையை முடித்தவுடன், அதனைச் சிதைத்து அகற்றுவதற்கென ஒரு நொதி உண்டு. குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் போன்ற ஆர்கனோ பாஸ்பரஸ் மருந்துகள் அந்நொதியைப் பற்றிக்கொண்டு செயலற்றதாக்கி விடுகின்றன. தூது ஓய்வதில்லை. தசைகள் ஓயாது துடிக்கின்றன. பின்னர்ச் சோர்ந்து நிற்கின்றன. பூச்சி மடிகிறது.

ஆனால் பூச்சியிடத்துள்ள அதே நொதி மனிதரிடத்தும் உண்டு. மருந்து தோல் வழியாகவோ மூச்சு வழியாகவோ உட்புகுமானால் வியர்வை பெருகும், வாயில் நீர் ஊறும், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கும், தசை துடிக்கும், முடிவில் மூச்சு நிற்கும். 2017-ஆம் ஆண்டில் பெரம்பலூர் வட்டாரப் பருத்திக் கொல்லைகளில் மருந்தடித்த உழவர் சிலர் உயிரிழந்த துயரம் நம் நினைவினின்றும் நீங்கவில்லை. நஞ்சேறியவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வோர், மருந்து டப்பாவையும் உடன் எடுத்துச் செல்லல் வேண்டும். எவ்வகை நஞ்சு என்பதைப் பொறுத்தே மாற்று மருந்து அமையும். மேற்கூறிய வகைக்கு அட்ரோபின் கொடுக்கப்படுவது, அத்தூதுப் பொருள் சென்று சேரும் இடங்களுட் சிலவற்றை அது அடைத்துக்கொள்வதாலேயாம்.

2018-ஆம் ஆண்டு முதல் மக்காச்சோளத்தை அழித்து வரும் படைப்புழுவுக்குப் பரிந்துரைக்கப்படும் எமாமெக்டின் பென்சோயேட், ஸ்பினிடோரம் ஆகியவையும் பூச்சியின் நரம்பையே, வேறு வேறு வாயில்களில், தாக்குகின்றன. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கலாகாது என்று வேளாண் அலுவலர் கூறுவதன் காரணமும் இதுவே. ஒரு வாயிலைப் பூட்டிக்கொள்ளக் கற்ற பூச்சிகளே மிஞ்சிப் பெருகும். மனிதனுக்குத் தீங்கு குறைவாகவும் புழுவுக்குக் கூற்றுவனாகவும் உள்ள மருந்தைக் காண்பது எங்ஙனம்? இரு நரம்புகளுக்கும் உள்ள வேற்றுமையை நுணுகி அறிந்தால்தான் அது இயலும். அவ்வேலைக்கு நம் ஊர்ப் பிள்ளைகளைக் காட்டிலும் உரியவர் யாவர்?

நம்மவர் செய்த பணி

இவ்விஞ்ஞானம் மேல்நாட்டாருக்கே உரியது என்று எண்ணுவது தவறு. வேலியோரத்தில் படர்ந்து, தொட்டாரை அரிக்கச் செய்யும் பூனைக்காலியை அறியாத உழவரில்லை. அதன் விதையில் எல்-டோபா என்னும் பொருள் இருப்பதை, 1937-ஆம் ஆண்டில் சென்னையில் ஆராய்ச்சி புரிந்த தாமோதரன், ராமசாமி என்னும் இருவர் பிரித்தெடுத்து வெளியிட்டனர். அப்பொருளின் மருத்துவப் பெருமை அந்நாளில் எவருக்கும் தெரியாது. இருபது ஆண்டுகளுக்குப் பின், ஸ்வீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன், ரெசர்பின் என்ற மருந்தால் அசைவற்றுக் கிடந்த பிராணிகளுக்கு எல்-டோபாவைச் செலுத்த, அவை எழுந்து நடமாடின. அந்த ரெசர்பினும் நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுக்கப்பட்டதே. கை கால் நடுங்கி, நடை தளரும் பார்க்கின்சன் நோயில் டோபமின் என்ற தூதுப் பொருள் குறைகிறது என்பது 1960-இல் வியன்னா நகரில் வெளியாயிற்று. மறு ஆண்டு முதல் அங்கே நோயாளிகளுக்கு எல்-டோபா கொடுத்துப் பார்த்தனர். இன்றும் அந்நோய்க்கு அதுவே தலையாய மருந்து. கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. இதனைப் படித்துவிட்டுப் பூனைக்காலி விதையை அரைத்து உண்ணத் தொடங்குவது ஆபத்து என்பதையும் உடன் கூறிவிடுகிறோம். அளவறியாத மருந்து நஞ்சேயாம்.

சென்னையில் 1953-இல் பிறந்த விஜயலட்சுமி ரவீந்திரநாத் அம்மையாரின் வரலாறு, மகளைப் படிக்க வைக்க விரும்பும் தந்தையர் அனைவரும் அறியத்தக்கது. அவர் இளங்கலையும் முதுகலையும் பயின்றது ஆந்திரப் பல்கலைக் கழகத்தில். டாக்டர் பட்டம் பெற்றது மைசூர்ப் பல்கலைக் கழகத்தில். மூளைப் படிப்பு என்று தனியாக ஒரு பட்டம் அவர் பெற்றதில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் பணியேற்றபின், மூளையின் இரசாயனத்தை ஆராய்ந்தார். வட நாட்டில் ஏழை உழவர் பஞ்ச காலத்தில் உண்டு கால் முடங்கிப்போன கேசரிப் பருப்பின் நஞ்சு, நரம்பு அணுக்களின் சக்தி உற்பத்தியைக் கெடுக்கும் வகையை விளக்கியது அவருடைய ஆராய்ச்சிகளுள் ஒன்று. 1999-ஆம் ஆண்டில் மத்திய அரசு தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தை நிறுவியபோது, அதன் முதல் இயக்குநராக அமர்ந்தார். டில்லியை அடுத்த மானேசரில் அம்மையம் இயங்கி வருகிறது. 2009-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் நரம்பு விஞ்ஞானத் துறை தோன்றியதும், அதன் தலைமையையும் ஏற்றார். 2010-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

மருத்துவ வழியில் வந்தவர்களும் உளர். சீர்காழியில் பிறந்த டாக்டர் பா. இராமமூர்த்தி, 1950-ஆம் ஆண்டில் சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவை மருத்துவத்தைத் தொடங்கினார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்று, பின்னர் கேம்பிரிட்ஜ் சென்ற வி. எஸ். இராமச்சந்திரன், கை இழந்தோர்க்கு அவ்விழந்த கையிலேயே நோவு தோன்றும் விந்தையை ஆராய்ந்தார். இருக்கும் கையின் பிம்பத்தை ஒரு சாதாரண நிலைக்கண்ணாடியிற் காட்டி, சிலருக்கு அந்நோவைத் தணித்தார். பெருஞ்செலவுக் கருவி ஏதும் அதற்கு வேண்டியிருக்கவில்லை. வேண்டியிருந்தது சிந்தனை ஒன்றே.

சென்னை ஐ.ஐ.டி.யில் 2022-இல் தொடங்கப்பெற்ற சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலுள்ள சிசுவின் மூளையை மெல்லிய தகடுகளாக அரிந்து, 5,132 தகடுகளின் படங்களை 'தரணி' என்ற பெயரால் 2024 டிசம்பரில் உலகுக்கு இலவசமாக வழங்கியது. கர்நாடகத்துக் கோலார் மாவட்டத்து சீனிவாசபுரம் வட்டாரத்தில், 45 வயது கடந்த கிராம மக்களின் மறதியையும் மூப்பையும் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் பெரிய ஆராய்ச்சியொன்றைப் பெங்களூர் மூளை ஆராய்ச்சி மையம் நடத்தி வருகிறது. நம்மைப் போன்ற நாட்டுப்புறத்தாரைப் பற்றிய அறிவு இப்பொழுதுதான் சேர்க்கப்படுகிறது என்பது இதனால் விளங்கும்.

பட்டப் படிப்பிற் கற்பது யாது?

அமெரிக்காவில் 1970-களிலிருந்தே சில கல்லூரிகள் இதனை இளங்கலை மாணவர்க்குத் தனிப் பாடமாகக் கற்பித்து வருகின்றன. அங்கு அதன் அமைப்பு பெரும்பாலும் பின்வருமாறு உள்ளது. முதலிரண்டு ஆண்டுகள் உயிரியல், இரசாயனம், பௌதிகம், கணிதம், மனோதத்துவம் ஆகியவை அடித்தளமாக இடப்படுகின்றன. அதன்பின் நரம்பு அணுவின் மின்னியல், புலன்கள், அசைவு, நினைவு, உறக்கம், நோய்கள் ஆகியவை வருகின்றன. புள்ளிவிவரக் கணிதமும், கம்ப்யூட்டரில் நிரல் எழுதுதலும் இன்றியமையாதன. இறுதி ஆண்டில் மாணவர் தாமே ஓர் ஆராய்ச்சி செய்து எழுதித் தர வேண்டும்.

சோதனைச் சாலையிற் கற்பவை சுவையானவை. கரப்பான் பூச்சியின் காலில் ஊசிமுனை செருகி, அதன் நரம்புக் குறிப்பை ஒலிபெருக்கியிற் கேட்பர். மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவொன்றுக்கு நரம்பு அணுக்கள் 302 மட்டுமே. அவற்றின் இணைப்புகள் முழுவதும் 1986-இலேயே வரையப்பட்டு விட்டன. பழ ஈயின் மூளையிலுள்ள ஏறக்குறைய 1,40,000 அணுக்களின் இணைப்புப் படம் 2024-இல் வெளியாயிற்று. ஜக்கார்டு அட்டையைப் பார்த்துச் சேலையின் பூவேலையைச் சொல்லிவிடலாம். இணைப்புப் படத்தைப் பார்த்து ஈயின் செய்கையைச் சொல்லிவிட இன்னும் எவராலும் முழுதும் இயலவில்லை. இனிச் செய்ய வேண்டிய வேலை அதுவே.

எங்கே கற்பது?

நம் அங்கத்தினர் கவனிக்க வேண்டிய முக்கியச் செய்தி இது. இந்நாட்டில் நரம்பு விஞ்ஞானத்தை இளங்கலையிலேயே தனிப் பட்டமாக வழங்கும் இடங்கள் மிகச் சிலவே. அப்பட்டம் இல்லையெனின் இத்துறைக்குள் நுழைய இயலாது என்பதுமில்லை. விலங்கியல், உயிர் இரசாயனம், உயிர்த் தொழில்நுட்பம், மனோதத்துவம், பௌதிகம், கணிதம், பொறியியல் ஆகிய எவ்வழியிலும் வந்து, முதுகலையிலோ டாக்டர் பட்டத்திலோ மூளையை எடுத்துக்கொள்வதே இந்நாட்டில் பெருவழக்கு. பெயரில் 'நியூரோ' என்ற சொல் இருப்பதற்காக மிகுந்த பணம் கட்ட வேண்டிய தேவை எதுவுமில்லை.

வழிகள் மூன்று என வகுக்கலாம். முதலாவது, அண்மையிலுள்ள கல்லூரி. அரியலூர் அரசு கலைக் கல்லூரி, குரும்பலூர் அரசு கலை அறிவியல் கல்லூரி முதலியவற்றிலும், திருச்சிராப்பள்ளிக் கல்லூரிகளிலும் அடிப்படை விஞ்ஞானப் பாடங்களுள் ஒன்றை எடுத்து மூன்றாண்டு பயிலலாம். எப்பாடம் எங்கு உண்டு என்பதை அவ்வாண்டின் சேர்க்கை அறிவிப்பிற் பார்த்துக்கொள்க. பின்னர் முதுகலைக்கான தேசிய நுழைவுத் தேர்வுகளை எழுதிப் பெரிய நிறுவனங்களுக்குச் செல்லலாம். மானேசர் மையத்தில் நரம்பு விஞ்ஞானத்திலேயே முதுகலை உண்டு.

இரண்டாவது, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தவுடன் தேசிய நிறுவனங்களிற் சேர்வது. ஐசர் எனப்படும் விஞ்ஞானக் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்கள் ஏழினுள் திருப்பதியும் திருவனந்தபுரமும் நமக்கு அருகில் உள்ளவை. அங்கு ஐந்தாண்டில் இளங்கலையும் முதுகலையும் ஒருங்கே முடியும். பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் 2011 முதல் நான்காண்டுப் பட்டம் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் மருத்துவ விஞ்ஞானமும் பொறியியலும் சேர்ந்த நான்காண்டுப் படிப்பு 2023-இல் தொடங்கியது. இவை யாவற்றுக்கும் நுழைவுத் தேர்வு உண்டு. பதினோராம் வகுப்பிலேயே முயற்சி தொடங்கினால்தான் பயன் தரும்.

மூன்றாவது, விரைவில் சம்பாதிக்க வேண்டிய குடும்பத்தார்க்கு உரியது. மருத்துவமனைகளில் மூளையின் மின்னலையைப் பதிவு செய்வதும், நரம்பின் ஓட்டத்தை அளப்பதும் தனித் தொழில்கள். அவற்றைக் கற்பிக்கும் துணை மருத்துவப் பட்டப் படிப்புகள் உள்ளன. ஆராய்ச்சி செய்யும் வாய்ப்பு இதிற் குறைவு. ஆயினும் தொழில் கையில் கிடைக்கும்.

மருத்துவராகித்தான் இத்துறைக்கு வர வேண்டும் என்போர்க்கு, அரியலூரில் 2022 சனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது என்பதும், அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020 முதல் மருத்துவ இடங்களில் நூற்றுக்கு ஏழரை பங்கு தனியே ஒதுக்கப்பட்டுள்ளது என்பதும் நினைவிருக்கட்டும்.

காலமும் பொருளும்

மறைக்காமற் கூறிவிடுவது நலம். இப்படிப்பு நீண்டது. இளங்கலை மூன்றாண்டு, முதுகலை இரண்டாண்டு, டாக்டர் பட்டம் ஏறக்குறைய ஐந்தாண்டு எனக் கணக்கிட்டால், பதினெட்டு வயதிற் புகுந்த பிள்ளை இருபத்தெட்டில் வெளிவரும். இளங்கலையோடு நின்றுவிட்டால் இத்துறையில் தகுந்த வேலை கிடைப்பது அரிது. ஆராய்ச்சிப் பதவிகளும் விரும்புவோர் தொகையைக் காட்டிலும் மிகக் குறைவே. இவற்றை அறிந்தே இறங்குதல் வேண்டும்.

ஆனால் பத்தாண்டும் குடும்பமே சுமக்க வேண்டியதில்லை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பயின்று உயர்கல்வி பயிலும் பெண்களுக்குப் 'புதுமைப் பெண்' திட்டத்தில் 2022 முதலும், ஆண்களுக்குத் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் 2024 முதலும் தமிழக அரசு மாதம் 1,000 ரூபாய் அளிக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்று அடிப்படை விஞ்ஞானம் பயில்வோர்க்கு மத்திய அரசின் 'இன்ஸ்பயர்' உதவி ஆண்டுக்கு 80,000 ரூபாய் வரை உண்டு. முதுகலைக்குப்பின் தேசியத் தகுதித் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகை பெறுவோர்க்கு, 2023 சனவரி முதல் உயர்த்தப்பட்டபடி, முதல் ஈராண்டு மாதம் 37,000 ரூபாயும் பின்னர் 42,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. ஆகவே குடும்பம் தாங்க வேண்டிய காலம் முதல் ஐந்தாண்டே. அதையும் அரசுக் கல்லூரியில் கழித்தால், வீட்டை அடகு வைக்க நேராது.

எவருக்கு ஏற்றது?

உயிரியலில் மட்டும் ஆசை போதாது. கணிதத்துக்கு அஞ்சாத மனம் வேண்டும். மாதக்கணக்கில் உழைத்த சோதனை பொய்த்தாலும், பாவு அறுந்தவிடத்துப் பிணைத்துக்கொண்டு மேலே நெய்வது போல, மீண்டும் தொடங்கும் பொறுமை வேண்டும். ஆங்கில நூல்களைப் படித்துணரும் பயிற்சி வேண்டும். இது தமிழ் வழியிற் கற்ற பிள்ளைகளுக்கு முதலாண்டில் மலைப்பாகத் தோன்றும். அயராது முயன்றால் பழகிவிடும். மருத்துவ இடம் கிடைக்கவில்லையே என்ற வருத்தத்தால் மட்டும் இதனைத் தேர்ந்தெடுப்பது நன்றன்று. 'ஏன்' என்று ஓயாது கேட்கும் பிள்ளைக்கு இது உரியது.

சங்கம் செய்யத்தக்கது

தனி ஒருவரால் அறிந்துகொள்ள இயலாததை ஒன்று கூடி அறிந்துகொள்வதே கூட்டுறவு. நூலும் உரமும் விதையும் வாங்குவதில் நாம் கண்ட உண்மை, படிப்பை வாங்குவதிலும் பொருந்தும். தனியே செல்பவரைத் தரகர் எளிதில் மடக்குவர். ஆண்டுதோறும் தேர்வு முடிவு வருமுன், சித்திரைத் திங்களில் ஒரு நாள், சங்கத் திண்ணையிலேயே அங்கத்தினர் பிள்ளைகளைக் கூட்டி, கல்லூரி ஆசிரியர் ஒருவரைக் கொண்டு வழிகளை விளக்கச் செய்யலாம். துணைவிதிகள் இடந்தருமாயின், பொது நன்மை நிதியிலிருந்து நுழைவுத் தேர்வுக் கட்டணத்துக்கும் பயணச் செலவுக்கும் சிறு உதவி அளிக்கலாம். மருந்துத் தெளிப்பைப் பற்றி விளக்க, படித்து வரும் பிள்ளைகளையே அழைத்துப் பேசச் செய்தால், அறிவு ஊருக்கே திரும்பும்.

மூன்றாம் நாள் அந்நெசவாளர் மகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். நாம் அறிந்தவற்றைக் கூறினோம். அப்பெண், "அந்த அம்மையார் முதலில் என்ன பாடம் படித்தார்கள்?" என்று ஒரு கேள்வியும், "திருச்சிக்குப் பஸ்ஸில் போய்வர முடியுமா?" என்று மற்றொரு கேள்வியும் கேட்டாள். முதற் கேள்விக்கு, விஞ்ஞானத்தில் இளங்கலையும் முதுகலையும் பயின்றார். மூளையைப் பற்றியது அதன் பின்னரே என்று விடை கூறினோம். இரண்டாவதற்குத் தந்தையே விடை கூறினார்: "விடியற்காலைப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அம்மா. நான் எழுப்பி விடுகிறேன்."

முன்பணம் கட்டப்படவில்லை. வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கிறது. அப்பெண் விலங்கியல் வகுப்பிற் சேர்ந்திருக்கிறாள். அவள் விஞ்ஞானி ஆவாளா என்பதைப் பத்தாண்டு கழித்தே கூற முடியும். கடன் தலைமேல் ஏறாமல் முதற்படியில் கால் வைத்திருக்கிறாள் என்பதை இன்றே கூறலாம். இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதும் பிள்ளையையுடைய அங்கத்தினர் எவரும், எந்தக் கல்லூரிக்கும் எந்தத் தரகருக்கும் பணம் கொடுக்குமுன், ஒரு முறை சங்கத்துக்கு வந்து கலந்து பேசுமாறு கேட்டுக்கொள்கிறோம்.